குறியில்லாத துணி

டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் நானும் அக்கா மகனும் சந்திப்பதும் அங்கேதான். அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வடகிழக்குத் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. அங்கே தோசையோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்புவது எங்கள் வழக்கம். போன மாதம் ஒரு நாள் எனக்கு முன்பே வந்தவன், பிளாசா சிங்கப்பூராவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியில் எதையோ விளையாடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சாய்வான கோணத்தில் சின்னச் சின்னக் கட்டடங்கள், சாலைகள், மின்கம்பங்கள். சிம்சிட்டி 2000. நான் பள்ளியில் படித்தபோது வந்த விளையாட்டு.

"மாமா, இது அம்மா ஸ்கூல் படிச்ச காலத்து கேமு. சில வெள்ளிதான், வாங்கிட்டேன். அப்ப வந்த கேமு ஆயிரக்கணக்குல இருக்குமே, இத மட்டும் எப்படித் தேடி எடுத்து விக்கிறாங்க? யாரு முடிவு பண்றது?"

ரயிலில் பதில் சொல்லத் தொடங்கினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் பதில் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பதிலின் ஒரு நுனி டோபி காட் என்ற பெயரிலேயே இருக்கிறது. டோபி என்றால் சலவைக்காரர், காட் என்றால் நீர்த்துறைப் படிக்கட்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, பக்கத்து வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது.

நம் ஊர்களில் வெளுக்கப் போகும் துணிக்கு ஒரு குறி போடுவார்கள். சேங்கொட்டையின் கறுப்புச் சாற்றை ஊசி முனையில் தொட்டு, துணியின் ஓரத்தில் புள்ளியாகவோ கோடாகவோ இடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. வீட்டுக்கு ஒரு குறி. நூறு வீட்டு வேட்டிகள் ஒரே துறையில் ஊறினாலும், மாலையில் அதது அந்தந்த வீட்டுக்குத் திரும்பியது அந்தப் புள்ளிகளால்தான். குறி தெரியாமல் போன துணி எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் மூட்டையிலேயே கிடக்கும். யாருக்கென்று கொடுப்பது?

பழைய கணினி விளையாட்டுகளில் பெரும்பகுதி இன்று அந்த மூட்டையில்தான் இருக்கிறது.

பழைய விளையாட்டுகளை மறுபடி விற்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டு தொடங்கிய இணையக் கடை ஒன்று உண்டு. போலந்தின் வார்சாவில் 2008 செப்டம்பரில் திறந்த அந்தக் கடைக்குப் பெயர் குட் ஓல்ட் கேம்ஸ், சுருக்கமாக ஜிஓஜி. அதைத் தொடங்கியது சிடி ப்ராஜெக்ட் நிறுவனம். மார்ச்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் 1994இல் உருவாக்கிய நிறுவனம் அது. போலந்தின் புதிய பதிப்புரிமைச் சட்டமும் அதே 1994இல்தான் வந்தது. அதுவரை கணினி விளையாட்டு என்றால் சந்தையில் கிடைக்கும் நகல்தான். இலவசத்துக்குப் பக்கத்தில் ஒரு பொருள் கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்க வைப்பது எப்படி? நகலைவிட நல்லதாகக் கொடுக்க வேண்டும். 1999இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டைப் போலிஷ் மொழியில் குரல் கொடுத்து, பெட்டி நிறைய உபரிப் பொருள்களோடு விற்றுக் காட்டினார்கள். அதே பாடத்தைத்தான் ஜிஓஜியிலும் பின்பற்றினார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது, தொடக்கத்தில் விலை 5.99 அல்லது 9.99 அமெரிக்க டாலர், வாங்கியவுடன் இன்றைய கணினியில் ஓட வேண்டும். முதலில் கூட்டுச் சேர்ந்தவை இன்டர்பிளே, கோட்மாஸ்டர்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள்.

இந்தப் பின்னணி எனக்கு அந்நியமானது அல்ல. சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. அதற்கு முன்னும், உண்மையைச் சொன்னால் அதற்குப் பின்னும் வெகுகாலம், என் வயதுப் பிள்ளைகளின் கையில் இருந்தவை பேனாவால் பெயர் எழுதிய நெகிழ்வட்டுகள்தாம். தமிழ்நாட்டில் 1990களில் கணினி ஆய்வகத்தில் டேஞ்சரஸ் டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் விளையாடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடையில் பெட்டி வாங்கி விளையாடியவர் ஒருவர் கிடைப்பாரா? அந்த விளையாட்டுகளை உருவாக்கிய நிறுவனங்களின் விற்பனைக் கணக்கில் நாம் யாருமே இல்லை. ஆனால் நினைவில் அவை நமக்கும் சொந்தம். எந்தப் பழைய விளையாட்டை மறுபடி கொண்டுவருவது என்று ஒரு கடை முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. பழைய விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாதி உலகம் கண்ணில் படாது.

அதனால்தான் ஜிஓஜி வாடிக்கையாளர்களிடமே கேட்கிறது. தொடக்க ஆண்டுகளிலிருந்தே அங்கே ஓர் ஆசைப்பட்டியல் இருந்துவருகிறது. எந்த விளையாட்டு வேண்டும் என்று எழுதலாம், பிறர் எழுதியதற்கு வாக்களிக்கலாம். 2025 ஜனவரியில் அதைப் புதுப்பித்து ட்ரீம்லிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். வாக்கோடு சேர்த்து அந்த விளையாட்டைப் பற்றிய நினைவையும் எழுதலாம். அக்கா வீட்டுக் கூடத்தில் விளையாடியது, அப்பாவோடு மாறி மாறி விசைப்பலகையைப் பிடித்தது என்பது போன்றவை.

வாக்கு என்பது ஓர் அளவுகோல். எல்லா அளவுகோலையும் போல இதற்கும் கோணல் உண்டு. கடைக்கு வருகிறவர்கள்தான் வாக்களிக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள், அட்டையில் பணம் கட்டக்கூடியவர்கள், முப்பது வருடம் கழித்தும் பெயரை மறக்காதவர்கள். பெயரே தெரியாமல் 'அந்தக் கறுப்பு விமானம் சுடுகிற கேம்' என்று நினைவில் வைத்திருப்பவர் எதற்கு வாக்களிப்பார்? ஆனாலும் வாக்குகளுக்கு வேறொரு பயன் இருக்கிறது. உரிமையாளரிடம் பேசப் போகும்போது கையில் காட்ட ஏதாவது வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தன் கிடங்கில் கிடக்கும் பழைய சரக்கின் மதிப்பு பெரும்பாலும் தெரியாது. அதே கதையைப் புதிய தொழில்நுட்பத்தில் மறுபடி செய்து விற்றுக்கொண்டிருந்தால், பழையது எதற்கு என்றுதான் கேட்கும். கேப்காம் நிறுவனத்தின் ரெசிடன்ட் ஈவில் அப்படிப்பட்டது. புதுப்பதிப்புகள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 2024இல், 1990களின் மூல விளையாட்டு ஜிஓஜியில் திரும்பி வந்தது. காத்திருப்பவர்கள் இத்தனை பேர் என்று காட்டுவதற்கு ஒரு பட்டியல் இருப்பது அங்கே உதவும்.

ஆசை எவ்வளவு இருந்தாலும் அடுத்து வருவது குறி. இந்தத் துணி யாருடையது?

1999இல் வந்த சிஸ்டம் ஷாக் 2 பல ஆண்டுகளாக ஆசைப்பட்டியலின் உச்சியில் இருந்தது. அதை உருவாக்கிய இரண்டு நிறுவனங்களில் ஒன்றான லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டது. மூடிய நிறுவனத்தின் சொத்துகள் கைமாறின. விளையாட்டின் பதிப்புரிமை போய்ச் சேர்ந்த இடம் ஒரு காப்பீட்டு நிறுவனம். விபத்துக்கும் தீக்கும் இழப்பீடு கணக்கிடுகிறவர்களிடம் ஒரு விண்வெளித் திகில் விளையாட்டு. 2012 வாக்கில் ஸ்டீபன் கிக் என்ற விளையாட்டுக் கலைஞர் மத்திய அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது அதை விளையாட ஆசைப்பட்டார். அவரிடம் இருந்த பிரதி மடிக்கணினியில் ஓடவில்லை, வாங்கலாம் என்றால் எங்கும் விற்பனையில் இல்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதினார். பேச்சுவார்த்தை பலித்தது. 2013 பிப்ரவரியில் சிஸ்டம் ஷாக் 2 ஜிஓஜியில் விற்பனைக்கு வந்தது. அந்த ஒரு தேடலிலிருந்துதான் நைட்டைவ் ஸ்டுடியோஸ் என்ற மீட்பு நிறுவனமே பிறந்தது.

அதே நைட்டைவ் பின்னர் தேடியது நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர். 2000ஆம் ஆண்டு வந்த உளவுக் கதை. நாயகி பெண், வசனங்கள் அவ்வளவு நகைச்சுவையானவை. உருவாக்கிய மோனோலித் பின்னர் வார்னர் பிரதர்ஸ் கைக்குப் போனது. வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ். அதன் உரிமைகள் இணைப்புகள் வழியாக ஆக்டிவிஷன் பக்கம் வந்திருக்கலாம். மூன்று பெரிய வீடுகள், ஒரே துணி, குறி யாருடையது என்று மூவருக்கும் நிச்சயமில்லை. பத்திரம் இருந்தாலும் அது கணினிக்கு வராத காலத்துக் காகிதம். கிடங்கில் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ? அதைத் தேட வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கும் கூலி, விளையாட்டை மறுபடி விற்றால் கிடைக்கும் பணத்தைவிட அதிகம். தேடாமல் வெளியிட்டாலோ வழக்கு வரும். 2014 வாக்கில் நைட்டைவ் முயன்று ஓய்ந்தது. இதில் யாரும் வில்லன் இல்லை என்பதுதான் என்னைப் படுத்துகிறது. சரி என்று சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு தேடலுக்காக ஜிஓஜி தனியார் துப்பறிவாளரையே அமர்த்தியிருக்கிறது. பிரிட்டனில் வெளியுலகத் தொடர்பில்லாமல் வாழ்ந்த ஒருவருக்குச் சில விளையாட்டுகளின் உரிமை வாரிசாக வந்திருந்தது. வந்தது அவருக்கே தெரியாது. தேடிப் போய்ச் சொன்னதும் அவர் மகிழ்ச்சியோடு ஒத்துழைத்தார்.

துணிக்குள் வேறு வீட்டு நூலும் இருக்கும். ஆலன் வேக் என்ற விளையாட்டில் வரும் பாடல்களுக்கு வாங்கிய உரிமம் காலாவதியானதால் 2017 மே மாதம் அது கடைகளிலிருந்து இறங்கியது. உரிமத்தைப் புதுப்பித்த பிறகு 2018இல் மீண்டது. அதில் மாற்ற வேண்டிய நிரல்வரி ஒன்றுகூட இல்லை. பாட்டுக்கான காகிதம் மட்டும்தான் சிக்கல். பந்தய விளையாட்டில் காரின் பெயர், கால்பந்து விளையாட்டில் ஆட்டக்காரரின் முகம், படத்தைத் தழுவியதென்றால் நடிகரின் சாயல், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி முடிவுத் தேதி.

மறுபக்கம், குறி அழியாத துணியும் இருக்கிறது. சிம்சிட்டி 2000ஐ உருவாக்கிய மேக்சிஸ் நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1997இல் வாங்கியது. காகிதங்கள் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. 2011 ஜூனில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஜிஓஜியோடு ஒப்பந்தம் செய்ததும், அதன் பழைய பட்டியலிலிருந்து விளையாட்டுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அக்கா மகனுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான். உன் கையில் இது இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயமாக இது இருந்ததுதான்.

இனி சலவை. உரிமை கிடைத்துவிட்டது, விளையாட்டு ஓடுமா?

பழைய படத்தைப் புதிய திரையில் காட்டலாம். பழைய விளையாட்டு அப்படியல்ல. அது ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கு எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. அந்த இயந்திரம் இன்று இல்லை. 1990களில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு எழுதிய விளையாட்டுகள் 16 பிட் முறையில் தொடங்கி வன்பொருளை நேரடியாகத் தொட்டு வேலை செய்பவை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தக் கதவே மூடப்பட்டிருக்கிறது. அதனால் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி வேண்டும். 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அதைத்தான் செய்கிறது. பழைய செயலி, பழைய நினைவகம், பழைய திரை அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக்காட்டுகிறது. ஜிஓஜி விற்கும் டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள்தான் ஓடுகின்றன. ஆர்வலர்கள் ஊதியமில்லாமல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட நிரல் அது.

நடிப்பு கச்சிதமாக இருக்க வேண்டும், வேகமும் சேர்த்து. 1990இல் வந்த விங் கமாண்டர் அந்தக் காலச் செயலியின் வேகத்தையே தாளமாகக் கொண்டு ஓடியது. வேகமான கணினியில் போட்டால் விண்கலங்கள் கண்ணிமைக்கும் முன் பறந்துவிடும். ஆகவே டாஸ்பாக்ஸில் ஒரு மில்லிநொடிக்கு இத்தனை கட்டளை என்று கடிவாளம் போட வேண்டும். எந்த எண் சரி என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஒருவர் உட்கார்ந்து விளையாடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கதை சிங்கப்பூருக்குத் திரும்புகிறது. 1981இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூவும் இங் காய் வாவும் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1987இல் ஓர் இசை அட்டை செய்தார்கள். அடுத்த ஆண்டு அது கேம் பிளாஸ்டர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குப் போனது. 1989இல் வந்தது சவுண்ட் பிளாஸ்டர். அதுவரை கணினி விளையாட்டென்றால் பெரும்பாலும் கீச்கீச்சென்ற ஒற்றை ஒலி. இந்த அட்டை இசையும் பேச்சும் வெடிச்சத்தமும் ஒன்றாகத் தந்தது. சில ஆண்டுகளுக்குள் டாஸ் விளையாட்டு செய்த நிறுவனங்கள் பெரும்பாலும் சவுண்ட் பிளாஸ்டரை மனதில் வைத்துத்தான் ஒலி எழுதின. 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ 67 வயதில் காலமானபோது, எங்கள் தலைமுறைக்குக் காதில் ஏதோ அணைந்தது போல இருந்தது.

அந்த அட்டையின் இசைக்குப் பின்னால் இருந்தது யமஹாவின் ஒய்எம்3812 என்ற சில்லு. யமஹாவின் இசைப்பள்ளி டோபி காட்டின் இதே பிளாசா சிங்கப்பூராவில் பல ஆண்டுகளாக நடந்துவந்தது அக்கா மகனுக்குத் தெரியும். அவன் தோழி அங்கே பியானோ கற்றாள். அந்தப் பெயர்தான் அந்தப் பழைய அட்டையின் உள்ளேயும். சில்லு ஒலியை உருவாக்கும் முறை அழகானது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக அசைத்தால், முதல் அலையில் இல்லாத புதுப்புது மேற்சுரங்கள் முளைக்கின்றன. குரலில் கமகம் கொடுப்பது போலத்தான். ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைத்தால் காதுக்கு அது கமகமாகக் கேட்காது, வேறொரு வாத்தியமாகக் கேட்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டுபிடித்தது இது. இரண்டே அலைகளில் மணியும் வரும், துத்தாரியும் வரும். ஒய்எம்3812இல் இப்படி ஒன்பது குரல்கள்.

சில்லு டிஜிட்டல் ஆனதால் அதன் கணக்கை அப்படியே எழுதிவிட்டால் ஒலியும் அப்படியே வரும். ஆனால் அந்தக் கணக்கு சில்லுக்குள் பூட்டிக் கிடந்தது. 2008இல் ஆர்வலர்கள் இருவர் சில்லின் மேலுறையை நீக்கி, உள்ளே செதுக்கியிருந்த அட்டவணைகளைப் படமெடுத்து ஒவ்வொரு பிட்டாகப் படித்தார்கள். கால்பங்கு அலையின் 256 மதிப்புகள், அவையும் மடக்கை வடிவில். மடக்கையில் வைத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், மலிவான சில்லுக்கு அது பெரிய மிச்சம். பள்ளியில் நாம் மடக்கை அட்டவணையைப் புரட்டிய அதே காரணம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டாஸ் விளையாட்டு தொடங்கும்போது 'சவுண்ட் பிளாஸ்டர் இருக்கிறதா?' என்று கதவைத் தட்டும். குறிப்பிட்ட ஒரு முகவரியில் 1 எழுதி, கண நேரம் காத்திருந்து, 0 எழுதும். அட்டை இருந்தால் 170 என்ற எண் பதிலாக வர வேண்டும். வராவிட்டால் விளையாட்டு ஊமையாகிவிடும். வார்சாவிலிருந்து வாங்கினாலும் வாஷிங்டனிலிருந்து வாங்கினாலும், டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் ஒரு பழைய விளையாட்டு முதல் வேலையாக ஒரு சிங்கப்பூர் அட்டையைக் கூப்பிடுகிறது. இல்லாத அந்த அட்டைக்காக மென்பொருள் 170 என்று பதில் சொல்கிறது.

டாஸ் காலத்துக்குப் பிந்தைய குறுந்தகட்டு விளையாட்டுகளில் சிக்கல் வேறு மாதிரி. நகல் எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகள் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டின் இயக்கி பாதுகாப்புக்குக் கேடு என்று 2015இல் விண்டோஸ் 10 அதை ஓடவிடாமல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய அசல் தகடு ஓடாமல் போயிற்று. சில விளையாட்டுகள் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் திரை அட்டைக்கென்றே எழுதப்பட்டவை. அந்த நிறுவனமும் போய்விட்டது.

இவ்வளவுக்கும் மேல், மூல நிரலே தொலைந்துபோன கதைகள் உண்டு. வெஸ்ட்வுட் 1997இல் செய்த பிளேட் ரன்னர் விளையாட்டின் மூல நிரல் கிடைக்கவில்லை. ஸ்கம்விஎம் என்ற திறந்த நிரல் குழுவினர் விற்பனைத் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிப் படித்து, ஓட்டும் இயந்திரத்தைப் புதிதாக எழுதினார்கள். அவர்கள் முடித்த பிறகுதான், 2019 டிசம்பரில், ஜிஓஜியால் அதை விற்க முடிந்தது. 2022இல் மெருகேற்றிய பதிப்பு ஒன்று வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய படத்தின் மணல் போன்ற நயம் போய்விட்டது என்றார்கள். மூலம் தனியாகவும் விற்பனைக்குத் திரும்பியது.

பிளாசா சிங்கப்பூராவிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் கேத்தே கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1939இல் எழுந்த கட்டடம். 2003இல் அதன் முகப்பை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பின்னால் இருந்ததை எல்லாம் இடித்துப் புதிதாகக் கட்டி 2006இல் திறந்தார்கள். மெருகேற்றிய மறுபதிப்பு இந்த வகை. முகம் பழையது, உடல் புதியது. டாஸ்பாக்ஸ் இதற்கு நேர் தலைகீழ். உள்ளே ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், கட்டடத்தைச் சுற்றி அந்தக் காலத்து நிலத்தையும் காற்றையும் போட்டுக் கொடுப்பது. இரண்டுமே வேண்டும் என்றாலும், என் மனம் இரண்டாவதன் பக்கம்தான். மனிதர்கள் கைவலிக்க எழுதியதை அவர்கள் எழுதியபடியே பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும்.

ஆக, கடையின் மேசையில் ஒரு விளையாட்டு வரும்போது கேட்கப்படுவது இதுதான். எத்தனை பேர் கேட்கிறார்கள், யாரிடம் கையெழுத்து வாங்குவது, ஓட வைக்க எத்தனை வாரம், அந்த வாரங்களின் சம்பளத்தை அந்தக் குறைந்த விலை திருப்பித் தருமா? இதில் எந்த ஒன்று பொய்த்தாலும் விளையாட்டு அடுக்கிலேயே நின்றுவிடும். ஓட வைத்தாலும் வேலை முடியாது. ஒவ்வொரு விண்டோஸ் மாற்றத்துக்கும் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். 2024 நவம்பரில் 100 விளையாட்டுகளோடு ஜிஓஜி தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் அந்தப் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

ஏறியது இறங்கவும் செய்யும். தொடக்க நாள்களில் கடையின் முகமாக இருந்த ஃபால்அவுட், உரிமை இன்டர்பிளேயிடமிருந்து பெதஸ்டாவுக்கு மாறியதால் 2013 முடிவில் கடையிலிருந்து போனது, 2015இல் திரும்பியது. வார்கிராஃப்டின் முதல் இரண்டு விளையாட்டுகளை, புதுமெருகு வந்த கையோடு, பிளிஸார்ட் 2024 டிசம்பரில் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இருக்கும், தொடர்ந்து ஓடும்படி பார்த்துக்கொள்வோம் என்று ஜிஓஜி சொன்னது. பூட்டு இல்லாமல் விற்றதன் பொருள் அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்கவில்லை. எஞ்சிய 13 விழுக்காடு என்பது, அமெரிக்க மௌனப்படங்களில் மூல வடிவில் தப்பியதாகச் சொல்லப்படும் 14 விழுக்காட்டைவிடக் கொஞ்சம் குறைவு. மௌனப்படச் சுருள்கள் தீப்பிடித்து எரிந்தன, மட்கிப்போயின. விளையாட்டுகளுக்கு அந்த விதி இல்லை. பிட்டுகள் பெரும்பாலும் எங்கோ பத்திரமாக இருக்கின்றன. அனுமதிதான் இல்லை.

தமிழர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழைக் கணினிக்குள் கொண்டுவர உழைத்த 1990களில், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறாக இருந்தது. 1997 மே மாதம் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பேசப்பட்டதும் அந்தச் சிதறலைப் பற்றித்தான். என்னிடம் அந்தக் காலத்துக் கோப்புகள் சில இருக்கின்றன. ஒரு பைட் கூடக் குறையவில்லை. திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன. எழுதியது இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த இயந்திரம் இல்லை. என் அம்மா சொல்லச் சொல்லத் தட்டிய ஒரு சமையல் குறிப்பு அதில் இருக்கிறது. எழுத்துருவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடை நல்ல மனதோடு நடந்தாலும் அது கடைதான், நூலகம் அல்ல. லாபம் தராததை அதனால் சுமக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல், உரிமையாளரை உண்மையாகத் தேடியும் கிடைக்காத நூல்களையும் படங்களையும் நூலகங்கள் மக்களுக்குத் திறந்துவிட ஒரு வழி செய்தது. விளையாட்டுகளுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நாவலையும் நாம் பொழுதுபோக்குக்காகத்தானே படிக்கிறோம்? நூலகம் அதைத் தடுக்கவில்லையே. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவையும் அன்று சொல்லி முடித்திருக்க மாட்டேன். ஆனால் சவுண்ட் பிளாஸ்டர் கதையைச் சொன்னதும் அக்கா மகன் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். விளையாட்டின் கோப்புறையில் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் தேடி எடுத்தான். கீழே நகர்த்திக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நிறுத்தினான். அட்டையின் வகை: எஸ்பி16. முகவரி: 220.

"எஸ்பின்னா சவுண்ட் பிளாஸ்டரா? நம்ம ஊரு அட்டையா?"

"ஆமா."

"சத்தத்த ஆஃப் பண்ணி வச்சுல்ல விளையாடுறேன் இத்தன நாளா" என்றான். காதொலிப்பானை மாட்டி, ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினான். நகரம் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தகரத் துத்தாரி, பள்ளி நாள்களில் எங்கள் புளோக்கின் ஏழாம் மாடிக் கூடத்தில் கேட்ட அதே சுதியில்.